எப்போது கொதிக்கிறது?

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையோரம், ஒரு புளியமரத்தின் நிழல் முழுவதையும் எடுத்துக்கொண்ட பட்டறை. ஜூன் மாதத்துப் பகல், பதினோரு மணி. மாங்காய் ஏற்றிய பழைய பொலேரோ பிக்கப் ஒன்று முக்கி முனகி வந்து நிற்கிறது. முன்பக்கக் கிரில்லிலிருந்து ஆவி கசிகிறது. கீழே சொட்டும் தண்ணீர் மண்ணைத் தொட்ட வேகத்தில் காய்ந்துபோகிறது. திருத்தணிப் பக்கத்து ஓட்டுநர் இறங்கி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பானெட்டை நோக்கி ஓடுகிறார். அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கிறார்.

"மூடியத் தொடாத தம்பி. ஒக்காரு மொதல்ல. எப்ப கொதிக்குது, அதச் சொல்லு."

"எப்பவும்தாண்ணா கொதிக்குது."

"எப்பவும்னு ஒண்ணு கெடையாது. ஏத்தத்துலயா, நிக்கிறப்பவா, ஓடுறப்பவா?"

ஓட்டுநர் யோசிக்கிறார். இரண்டு வாரமாக இந்தச் சூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அவரை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. போன இடமெல்லாம் பானெட்டைத் தூக்கியதும் 'எங்கே கோளாறு' என்றுதான் தேடினார்கள். ஒருவர் பெல்ட்டை மாற்றினார். ஒருவர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி, இது இல்லாமலே ஓட்டலாம் என்று கையில் கொடுத்தார். மூன்றாமவர் ஹெட்டை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்தச் செலவை நினைத்துத்தான் மனிதர் சரியாகத் தூங்கவில்லை.

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கடைத்தெருவில் 'புத்தூர் கட்டு' என்ற பலகையைப் பார்க்கலாம். கை ஒடிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் பல குடும்பங்களுக்கு உண்டு. அந்தப் பெயருக்குரிய புத்தூர் இதுதான். ஊரை ஒட்டிய ஈஸ்வராபுரத்தில் ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுவருகிறார்கள். 1881-இல் கேசவராஜு என்பவரிடம் இது தொடங்கியதாகச் சொல்வார்கள். வேட்டையில் கிடைத்த முயலைப் பச்சிலையில் சுற்றிக் கொண்டுவர, அதன் ஒடிந்த கால் கூடியிருந்தது என்றொரு கதையும் உண்டு. கதை எப்படியோ, முறை கண்முன் இருக்கிறது: பச்சிலை, முட்டை வெண்கரு, துணி, மூங்கில் தப்பை. அதற்கெல்லாம் முன்னால் விரல்கள். வீக்கத்தின் மேல் மெல்ல நகர்ந்து, எலும்பு எங்கே விலகியிருக்கிறது, எங்கே தொட்டால் ஆள் துள்ளுகிறார் என்று தடவிப் பார்க்கும் விரல்கள். நாட்டுக்கட்டைத் தெரியாமல் இறுக்கி, ரத்த ஓட்டம் நின்று, கை கறுத்துப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றிப் பல நாடுகளின் மருத்துவ இதழ்களும் எழுதியிருக்கின்றன. கட்டு என்பது ஒரு முடிவு. அதற்கு முந்திய தடவல்தான் வைத்தியம்.

அந்தப் பட்டறை மெக்கானிக்குக்கும் எலும்பு வைத்தியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒரே ஊர்க் காற்றில் இரண்டு விதமான தடவலும் நடக்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

இன்ஜின் சூடாவது நோயல்ல, அதன் இயல்பு. டீசலில் அடங்கியிருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடுகிறது. மீதியைத் தண்ணீரும் ஆயிலும் சுமந்துபோய்க் காற்றில் கொட்ட வேண்டும். முழுப் பாரத்தோடு ஏற்றம் ஏறும் ஒரு பிக்கப் 40 கிலோவாட் அளவுக்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், தண்ணீருக்குள் இறங்கும் சூடு 30 கிலோவாட்டை நெருங்கும். சமையலறையில் இருக்கும் 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு பதினைந்தை ஒரே குடத்துக்கு அடியில் பற்றவைத்த மாதிரி. சுற்றிவரும் தண்ணீரோ ஒன்பது பத்து லிட்டர்தான். இரும்பு உறிஞ்சும் சூட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ரேடியேட்டர் தன் வேலையை நிறுத்திய நொடியிலிருந்து 85 பாகைத் தண்ணீர் 100 பாகையைத் தொட இருபது நொடி போதும். பானெட்டுக்குள் எப்போதும் நடந்துகொண்டிருப்பது இந்த இருபது நொடி ஓட்டப்பந்தயம்தான். ஓட்டுநருக்கு முள் அசையாமல் நடுவில் நிற்பது மட்டும் தெரிகிறது.

ஆகவே சூடு ஏன் வருகிறது என்று கேட்பதில் பயனில்லை. சூடு ஏன் வெளியே போகவில்லை, எந்த நேரத்தில் போகவில்லை என்று கேட்க வேண்டும். அந்த 'எந்த நேரத்தில்' என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

நின்றுகொண்டிருக்கும்போது முள் ஏறி, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதும் இறங்கிவிட்டால், தண்ணீர் சுற்றுவதில் பெரிய குறையில்லை. காற்றுதான் வரவில்லை. ஓடும் வண்டிக்குச் சாலையே காற்றை ஊதுகிறது. நிற்கும் வண்டிக்கு ஃபேன் மட்டும்தான் கதி. இதற்கு நேர்மாறாக, டவுனுக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் வேகமெடுத்தாலோ மலையேறினாலோ சூடேறும் வண்டியில் ஃபேனைச் சந்தேகிப்பது வீண். அங்கே ரேடியேட்டரின் குழாய்கள் அடைத்திருக்கலாம், பம்பின் இறக்கைகள் துருப்பிடித்துத் தேய்ந்திருக்கலாம், பம்பு இழுக்கும் வேகத்தில் கீழ் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்தாறு நிமிடத்துக்குள் முள் துள்ளினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது தண்ணீருக்குள் காற்று மாட்டியிருக்கிறது, அல்லது எல்லோரும் பயப்படும் ஹெட் கேஸ்கட். சாவியைத் திருப்பிய உடனே, இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே முள் உச்சிக்குப் போனால் அது சூடே அல்ல. சென்சாருக்குப் போகும் ஒயரில் எர்த் கோளாறு. அந்த ஒரு ஒயருக்காக ரேடியேட்டரையே மாற்றிய வண்டிகளும் உண்டு.

இந்தப் பக்கத்துச் சாலைகளே இதற்கு நல்ல பரிசோதனைக்கூடம். திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-இலும் இரண்டாவது 1974-இலும் வந்தன. இன்று ஏறுவது ஒன்றில், இறங்குவது மற்றதில். ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ அரை மணி நேரம் தொடர்ந்து பாரம் இழுக்க வேண்டிய இன்ஜினிடம் எந்தப் பலவீனம் இருந்தாலும் பாதி மலைக்குள் அது வெளியே வந்துவிடும். சித்தூரிலிருந்து பலமனேருக்குப் போகும் மொகிலி மலைப்பாதையும் அப்படித்தான். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் சித்தூரிலிருந்து, ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கும் பலமனேருக்கு அந்தப் பாதை வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் பலருக்கு உண்டு, டீசல் மிச்சமாகும் என்று. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், ஃபேனும் அப்படியே. பாரம் மட்டும் குறையாது. ஒரு கியர் குறைத்தால் இரைச்சல் கூடும், முள் இறங்கும். மலையில் ஓட்டிப் பழகிய லாரிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டறைக்குத் திரும்புவோம். ஓட்டுநர் இப்போது பதில் கண்டுபிடித்துவிட்டார்.

"கூழ் ஃபேக்டரி வாசல்ல கியூவுல நிக்கிறப்பதான்ணா. கார்வெட்டிநகரம் தாண்டி ஓட ஆரம்பிச்சா எறங்கிடுது. ஆனா இப்ப நாலு நாளா ஓடுறப்பவும் கொஞ்சம் ஏறுது."

மெக்கானிக் தலையை ஆட்டிக்கொள்கிறார். மூன்று வாக்கியத்தில் இரண்டு கோளாறு வந்துவிட்டது.

அரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் எழுகிறார். மூடியைத் திறக்கவில்லை. இன்ஜினை நிறுத்தியிருக்கும்போது ஃபேனின் இறக்கை ஒன்றை விரல் நுனியால் தள்ளுகிறார். அது ராட்டினம் மாதிரி நாலைந்து சுற்றுச் சுற்றி ஓய்கிறது. சூடான இன்ஜினில் அது அப்படிச் சுற்றக் கூடாது. இந்த வகை ஃபேனின் நடுவில் சிலிக்கோன் எண்ணெய் அடைத்த ஒரு கிளட்ச் இருக்கிறது. முன்னால் ஒரு சுருள் தகடு. ரேடியேட்டர் காற்று சூடாக வந்தால் அது விரிந்து உள்ளே எண்ணெய்க்கு வழிவிடும், கிளட்ச் பிடித்துக்கொள்ளும், ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். எண்ணெய் ஒழுகிப்போனால் ஃபேன் சும்மா மிதக்கும். ஓடுகிற இன்ஜினில் பார்த்தால் சுற்றுவது போலத்தான் தெரியும். அதனால்தான் மூன்று பட்டறைக்காரர்கள் கண்ணிலும் இது படவில்லை. கிளட்சின் விளிம்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டிக் கறுப்பு வளையம் கட்டியிருக்கிறது. ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷ்ரவுடும் இல்லை. எப்போதோ உடைந்து, சத்தம் வருகிறதென்று யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். அந்த உறை இல்லாத ஃபேன், காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் தன்னைச் சுற்றியே கலக்கிக்கொண்டிருக்கும்.

பிறகு உள்ளங்கை. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ். இரண்டுக்கும் இடையே ஏழெட்டுப் பாகை வித்தியாசம் இருந்தால் ரேடியேட்டர் வேலை செய்கிறது என்று பொருள். மேலே கொதித்துக் கீழே பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தால் நடுவில் எங்கோ வழி அடைத்திருக்கிறது. அடுத்து ரேடியேட்டரின் முகத்தின் மேல், தொட்டும் தொடாமலும், இடமிருந்து வலமாகக் கையைக் கொண்டுபோகிறார். ஓரிடத்தில் நிற்கிறார். ஓட்டுநரின் கையைப் பிடித்து அங்கே வைக்கிறார். சுற்றிலும் சூடு, ஒரு கையகலம் மட்டும் ஆறிக் கிடக்கிறது. அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை. வீக்கத்தின் நடுவே எலும்பு விலகிய இடத்தைக் கண்டுபிடிக்கும் விரலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தண்ணீரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இந்த ஊர் வண்டிகளின் வியாதியில் பாதி அதில்தான் இருக்கிறது.

ராயலசீமையின் பாறைக்கு அடியில், நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து வரும் போர்த் தண்ணீர் பல ஊர்களில் கடினமானது. அதில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. வீட்டில் வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் பூக்கிறதே, அதுதான். சர்க்கரையும் சாப்பாட்டு உப்பும் தண்ணீர் சூடானால் கூடுதலாகக் கரையும். இந்தச் சுண்ணாம்புச் சரக்கு மட்டும் சூடானால் பிரிந்து படியும், அதுவும் எந்த இடம் அதிகச் சூடோ அந்த இடத்தில். இன்ஜினுக்குள் சிலிண்டர் சுவரை ஒட்டியும் ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியும் முதலில் கல் கட்டும். சூடு தண்ணீருக்குள் இறங்க வேண்டிய இடத்திலேயே சூட்டைத் தடுக்கும் போர்வை.

ஒரு முறை நிரப்பி மூடிவிட்டால் இதனால் பெரிய கேடில்லை. பத்து லிட்டர் தண்ணீரில் இருக்கும் சரக்கு படிந்து முடிந்ததும் நின்றுவிடும். ஆபத்து, தினமும் ஊற்றுவதில். எங்கோ சின்னக் கசிவு. காலையில் ஒரு பாட்டில், மதியம் டீக்கடையில் ஒரு பாட்டில். ஒரு லிட்டரில் அரை கிராம் சரக்கு என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு இரண்டு லிட்டர் ஊற்றும் வண்டிக்குள் ஆண்டில் முந்நூறு நாள் ஓட்டத்தில் முந்நூறு கிராம் போயிருக்கும். தண்ணீர் ஆவியாகிவிட்டது, சரக்கு தங்கிவிட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கு படிந்தாலும் நூறு கிராம் கல், ரீஃபில் பேனாவின் குழல் அளவே இருக்கும் வழிகளுக்குள். உப்பளத்தில் பாத்திக்குக் கடல்நீர் பாய்ச்சி ஆவியாக விடுகிற அதே வேலையை, ஓட்டுநர் தன் வண்டிக்குள் தன் கையாலேயே செய்துகொண்டிருக்கிறார். ஊற்றுவது வைத்தியம் என்று நம்பிக்கொண்டு.

கூலன்ட் ஊற்றச் சொன்னால், 'இங்கே என்ன பனியா பெய்யுது' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. புத்தூரில் தண்ணீர் உறையப்போவதில்லை. மே மாதத்தில் வெயில் 40 பாகையைத் தாண்டுகிற சீமை இது. ஆனால் அந்தப் பச்சைத் திரவத்தில் குளிரைத் தாங்கும் கிளைக்காலோடு துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் 107 பாகைக்கு உயர்கிறது. வாங்க முடியாதவர்கள் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றலாம், மழைநீரைப் பிடித்து வடிகட்டி ஊற்றலாம். இரண்டும் போர்த் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் மேல் தொட்டியின் ஈயப் பற்றை உருக்கிப் பிரித்து, மெல்லிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டுக் குத்திக் கல்லை உதிர்த்து, மறுபடி பற்றவைத்துவிடுவார்கள். இப்போது வருகிறவை அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியும். அவற்றில் கம்பியை விட்டால் குழாய் கிழியும். அந்தக் கைவேலை தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இந்தத் தகராறு மோட்டார் வண்டியின் பிறப்பிலேயே இருந்தது. 1888-இல் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிச்சென்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும், வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டும். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் வில்ஹெல்ம் மைபாக் தன் மெர்சிடிஸ் வண்டிக்கு 8,070 சின்னஞ்சிறு சதுரக் குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் செய்தார். ஒன்பது லிட்டர் தண்ணீர் போதுமானதாயிற்று. இன்றைய பிக்கப்பின் அளவும் அதே ஒன்பது பத்து லிட்டர்தான். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளாக மனிதன் நம்பியிருப்பது ஒன்றையே: தண்ணீரை மெல்லிய இழைகளாகப் பிரித்துக் காற்றுக்குக் காட்டுவது. அந்த இழைகளுக்கு நடுவே வைக்கோல் தூசும் வண்டும் புழுதியும் அடைத்துக்கொண்டால் மைபாக்கின் மேதைமை பயன்படாது. பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, வேகம் குறைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும். செலவு ஒரு குடம் தண்ணீர்.

மூடியைப் பற்றியும் ஒரு சொல். ரேடியேட்டர் மூடி என்பது ஒரு வால்வு. 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கும் மூடி, வெறும் தண்ணீரின் கொதிநிலையைக்கூட 120 பாகைக்கு அருகே தூக்கிவிடும். அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் 100 பாகையிலேயே பொங்கும். இன்ஜின் கெட்டுவிட்டது என்று எல்லோரும் ஓடுவார்கள். கொதிப்பதும் மிதமிஞ்சிச் சூடாவதும் வேறு வேறு என்பதை இந்தச் சின்ன மூடி காட்டிக்கொடுக்கிறது. நல்ல மூடியைச் சூட்டில் திறந்தாலோ, அதுவரை அழுத்தத்தில் அடங்கியிருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். மெக்கானிக் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தியது அதற்காகத்தான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இந்தியச் சாலையோரத்தின் மிகப் பழைய வைத்தியம். வெப்ப நாட்டில் அது தேவையில்லை என்று ஒரு தலைமுறையே நம்பிவிட்டது. இதைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: அது வைத்தியம் அல்ல. 82 பாகை வரை தண்ணீரை உள்ளேயே சுற்றவைத்து, பிறகு ரேடியேட்டருக்குத் திறந்துவிடுவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர வெகுநேரமாகும். டீசல் முழுவதும் எரியாது, ஆயில் சீக்கிரம் கெடும், லைனர் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைத்துவிடும் அமைப்பு உண்டு. அவற்றில் கழற்றிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்பி இன்ஜினுக்குள் வரும். மலையேறும்போது முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும். கழற்றிய வால்வை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தால், அது திறக்கிறதா இல்லையா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை யாரும் கொடுப்பதில்லை.

ஹெட் கேஸ்கட்டுக்கு வருவோம். அந்தப் பெயரைக் கேட்டாலே ஓட்டுநர்களுக்கு அடிவயிறு கலங்கும். பல வண்டிகளில் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடானால் ஹெட் வளைந்து, நடுவிலுள்ள கேஸ்கட் எரிந்து, சிலிண்டரின் அழுத்தம் தண்ணீர் வழிக்குள் புகுந்துவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் போதாது. இங்கே பட்டறைகளில் ஒருவர் 'தண்ணி குடிக்குது' என்பார், இன்னொருவர் தெலுங்கில் 'நீள்ளு தாகுதோந்தி' என்பார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு போட்டவர்களால் இன்ஜினின் தாகத்தைப் பிரிக்க முடியவில்லை.

ஆனால் கேஸ்கட் போயிற்று என்று சொல்லத் தடயம் வேண்டும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் விடாமல் குமிழ் வர வேண்டும். ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுக வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்க வேண்டும். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வர வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், எரிந்த வாயு கலந்தால் நீலத்திலிருந்து நிறம் மாறும் சோதனைத் திரவம் இருக்கிறது. இதில் ஒன்றுகூட இல்லாமல் ஹெட்டை இறக்கச் சொல்வது, எலும்பு ஒடிந்ததா என்று பார்க்காமலே கட்டுப் போடுவதற்குச் சமம். அந்தத் திருத்தணி வண்டியில் ஆயில் சுத்தமாக இருந்தது. ஆறிய பிறகு திறந்து பார்த்தபோது குமிழும் வரவில்லை. ஓட்டுநர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வண்டிக்கு வெளியே இருக்கும் காரணங்களை எந்த மெக்கானிக்காலும் கழற்றி மாற்ற முடியாது. சித்தூரைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகளை நம்பித்தான் இந்தச் சீமையின் தோத்தாபுரி விவசாயம் இருக்கிறது. நாம் கிளிமூக்கு என்கிறோமே, அதே மாங்காய். 2025 ஜூனில் விலை விழுந்தபோது தொழிற்சாலை கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. வாசல்களில் டிராக்டர்களும் பிக்கப்களும் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. வெயிலில் நிற்கும் அந்த வரிசை ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஒரு வண்டி நீளம் நகரும். நகர்வதற்காக இன்ஜினை அணைக்காமலே வைத்திருப்பார்கள். நாலு தரம் அணைத்து நாலு தரம் ஸ்டார்ட் செய்யப் பழைய பேட்டரி தாங்காது. முன்னால் நிற்கும் வண்டியின் புகையும் சூடும் பின்னால் நிற்கும் வண்டியின் ரேடியேட்டருக்குள் போகும். இந்த வரிசையில் முதலில் சாவது ஃபேன் கிளட்ச் என்பதில் ஆச்சரியம் இல்லை. அது இன்ஜினின் குறை என்பதைவிட விலையின் குறை, வரிசையின் குறை.

பாரமும் அப்படித்தான். விலை விழுந்த சரக்கை இரண்டு நடையாக ஏற்றினால் டீசலுக்கே கட்டாது. ஒரே நடையில் கம்பிக்கு மேல் கம்பி கட்டி ஏற்றுகிறார்கள். 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அதற்கு 702 சிசி, இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். முக்கால் டன்னுக்கு என்று செய்தார்கள். நம் ஆட்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். பெயரை வைத்தபிறகு யானைச் சுமையையும் வைத்துவிட்டார்கள்.

புத்தூர் இருக்கும் திருப்பதி மாவட்டத்தின் தென்கிழக்கில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீ சிட்டியில், 2016 முதல் இசுசு நிறுவனம் டி-மேக்ஸ் பிக்கப்களைச் செய்துகொண்டிருக்கிறது. புது வண்டிகளில் சூடு எல்லை மீறினால் கணினியே எரிபொருளைக் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றுகிறது, ஸ்கேனரை மாட்டினால் கோளாறு எண் திரையில் வருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த எண் 'தண்ணீர் சூடு அதிகம்' என்று மட்டும் சொல்லும். எப்போது, எந்த ஏற்றத்தில், யாருடைய வாசலில் என்று அதற்குத் தெரியாது. அதை வண்டியோடு வாழ்கிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

மாலை நாலு மணிக்குள் புது ஃபேன் கிளட்ச் வந்துவிட்டது. ஷ்ரவுடுக்குப் பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். வீட்டிலிருந்து ஓட்டுநர் எடுத்துவந்திருந்த தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தார் மெக்கானிக். சமர்த்தாகத் திறந்து சமர்த்தாக மூடியது, அதையே மறுபடி மாட்டினார். ரேடியேட்டரை மட்டும் இன்று தொடவில்லை. பித்தளை ரேடியேட்டர்தான், சீசன் முடிந்ததும் கழற்றித் திருப்பதிக்கு அனுப்பிக் குத்தி வாங்கிக்கொள்ளலாம், அதுவரை பாரத்தைக் குறைத்துக்கொள் என்றார். மாங்காய் வெயிலில் வாடிக்கொண்டிருந்தது.

வண்டியை எடுக்கப் போனவரை ஜன்னலோரம் நிறுத்தினார். கையில் இரண்டு கேன் டிஸ்டில்டு வாட்டர்.

"போர்த் தண்ணி ஊத்தாத. கியூ நகரலன்னா ஆஃப் பண்ணிடு. காலைல எழுந்ததும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, மூடியத் தெறந்து தண்ணி எவ்ளோ எறங்கியிருக்குன்னு பாரு. ஒரு வெரல் எறங்கியிருந்தா எனக்கு ஃபோன் போடு."

"எறங்கலன்னா?"

"அப்பவும் போடு தம்பி. நான் தெரிஞ்சுக்கணும்ல."